பதினொரு வான்கோழிகளின் கைதட்டல்

எங்கள் வீட்டில் பதினொரு வான்கோழிச் சேவல்கள் இருந்தன. கல்யாண வீடுகளில் மோலே குழம்பு வைப்பதற்காக அம்மா வளர்த்தவை. அவற்றின் முன்னால்தான் நான் தினமும் காலையில் பாடிப் பழகினேன். பக்கத்தில் பலமாக ஏதாவது சத்தம் கேட்டால் போதும், வான்கோழிச் சேவல்கள் எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நீட்டி "குளுகுளுகுளு" என்று கத்தும். நான் ஒரு வரியை உச்சத்தில் இழுத்து நிறுத்துவேன். பதினொன்றும் கத்தும். அதைக் கைதட்டல் என்று நம்பினேன். எனக்கு அப்போது பத்து வயது.

பெரிய சேவலுக்கு பிஷப் என்று பெயர் வைத்திருந்தேன். நடை அப்படி. அதுதான் எப்போதும் முதலில் கத்தும், கரகரத்த குரலில். பள்ளிக்கூட வாசல் வரை என் பின்னாலேயே வரும். வாத்தியாரை இரண்டு முறை கொத்தியிருக்கிறது.

புனிதர் சான் மிகேல் திருவிழாவில் பாட்டுப் போட்டி வைத்தார்கள்.

"அம்மா, நான் பேர் குடுத்துட்டேன்."

அம்மா சோள மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "எதுக்கு? கத்துற போட்டிக்கா?"

"பாட்டுப் போட்டிக்கு. நான் பாடினா பிஷப் எப்படி ரசிக்குது, பாத்தீல்ல?"

"அடி ஒப்துலியா, பஸ்காரன் ஹார்ன் அடிச்சாக்கூடத்தான் அது ரசிக்குது."

திருவிழா அன்று பிஷப்பை வீட்டில் கயிற்றில் கட்டிப்போட்டுவிட்டு வந்து, கோயில் முன் மேடையில் ஏறினேன். மலின்சே மலையடியில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். மருந்துக்கடை தோன் கிரெசென்சியோ மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார்.

"பாப்பா என்ன பாடப் போற?"

"என்னைய ஏமாத்திட்டுப் போன பாவியப் பத்தி."

கூட்டம் சிரித்தது. நான் முதல் வரியைப் பாடி, உச்சத்தில் இழுத்து, நிறுத்தினேன். வழக்கம்போல் காத்திருந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. கித்தார் வாசித்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எட்டு மாதமாக இரண்டாவது வரி வான்கோழிச் சத்தத்துக்குப் பிறகுதான் வரும். இப்போது சத்தமில்லாமல் அந்த வரி வரவே இல்லை. இறங்கிப் போய்விட மேடைப் படியில் ஒரு காலை வைத்தும்விட்டேன்.

அப்போது தமால் கொழுக்கட்டை விற்கும் கடைப் பக்கமிருந்து கரகரவென்று கேட்டது: "குளுகுளுகுளு!"

பிஷப் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், அம்மா. ஞாயிற்றுக்கிழமைச் சால்வையைப் போர்த்தி, நுனிக்காலில் நின்று, கழுத்தை நீட்டி, முகமெல்லாம் சிவந்து, மறுபடியும் ஒரு முறை கத்தினாள்.

இரண்டாவது வரி தானாக வந்தது. அதன் முடிவில் அம்மாவோடு கசாப்புக்கடைக்காரர் மனைவியும் சேர்ந்துகொண்டாள். நான்காவது வரியில் ஊரே கத்தியது. பாதிரியார் மட்டும் பல்லவி வரை அடக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி. முதல் பரிசு இடையிடையே டிரம்பெட் ஊதிப் பாடிய பல் வைத்தியருக்குப் போனது. "குரலுக்கு மூணாவதுதான் குடுக்க முடியும்மா, கூட்டத்துக்குத்தான் முதல் பரிசு குடுத்திருக்கணும்" என்றார் தோன் கிரெசென்சியோ.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "எந்த எடத்துல கத்தணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எட்டு மாசமா அடுப்படி ஜன்னலுக்கு வெளியதானே கத்துற? எனக்கென்ன காது இல்லியா?"

வாளி அம்மா கையில்தான் இருந்தது.

"அடுத்த வருஷம் வேற பாட்டு பாடு. இது அலுத்துப்போச்சு."

"யாருக்கு?"

"வான்கோழிங்களுக்குத்தான்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை நான் பாட ஆரம்பித்ததும், எப்போதும் சாத்தியே இருக்கும் அடுப்படி ஜன்னலின் மற்றொரு கதவும் திறந்தது.