யாரும் கேட்காத ஊர்

எங்கள் அயோவா ஊரில் ஒருவர் தம் பணத்தை என்ன செய்கிறார் என்று இன்னொருவர் கேட்பதில்லை. எங்கும் எழுதப்படாத இந்த விதிக்கு இருக்கும் மரியாதை, சட்டமன்றம் எழுதிய சட்டத்துக்கு இல்லை.

நான் வேலை செய்யும் பெட்ரோல் பங்க் கடையில், தூண்டில் புழு விற்கும் குளிர்பெட்டிக்கும் கழிப்பறைக்கும் நடுவே, நோட்டைப் போட்டால் மின்பணமாக மாற்றி யாருக்கும் அனுப்பிவிடும் பிட்காயின் இயந்திரம் நிற்கிறது. சட்டப்படி மோசடி குறித்த எச்சரிக்கைத் தாளை அதில் ஒட்டியாக வேண்டும். முதலாளி கர்ட் ஒட்டினார். மறுநாளே அதை மறைத்துக் கார் கண்ணாடி கழுவும் திரவக் கேன்களை அடுக்கினார். இயந்திரக்காரர்கள் தரும் மாத வாடகை அவருக்கு இனித்தது.

ஒருவர் அதில் நாளொன்றுக்கு ஆயிரம் டாலர்தான் போடலாம் என்று சட்டம் வரம்பு கட்டியது. அதனால் ஹாங்கி நாள்தோறும் வந்தார். சிறுவயதில் என்னைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற பேருந்தின் ஓட்டுநர் அவர். கையில் வங்கி உறை, காதில் கைபேசி. இன்று ஆறாம் நாள். ஆலங்கட்டி உடைத்த கூரைக்கு வந்த காப்பீட்டுப் பணம் அது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டின்மேல் இன்னமும் தார்ப்பாய்தான் கிடக்கிறது.

மூலை மேசையில் ஓய்வுபெற்ற விவசாயிகள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடியும் தோத்தியா வெர்ன்? எல்லாருக்கும் காப்பி வாங்கு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டோம்!"

ஹாங்கி கடந்து போனதும் சிரிப்பு அடங்கியது. எல்லோரும் தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"அவரை யாரோ ஏமாத்துறாங்க, கர்ட்," என்றேன்.

"அவர் காசு, அவர் இஷ்டம். நீ போய் டோனட்டை அடுக்கு, ஜோலீன்."

காது மந்தமான ஹாங்கியின் கைபேசி கடை முழுக்க ஒலித்தது. "இதைப் போட்டாத்தான் உங்க பேங்க் கணக்கு பத்திரம் சார். அங்க யாராச்சும் ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லீங்க. எங்க ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் ஹாங்கி, பெருமையாக.

"நல்ல ஊரு," என்றது குரல்.

அந்தப் பாராட்டு என் முகத்தில் உமிழ்ந்ததுபோல் விழுந்தது. இயந்திரத்திடம் போய், கேன்களை எட்டி உதைத்தேன். ஒன்று உருண்டு மூலை மேசைக் காலில் மோதியது. நோட்டு நுழையும் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மேசையிலிருந்த அத்தனை பேருக்கும் கர்ட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன்:

"ஹாங்கி சார், இந்தப் பணம் யாருக்குப் போகுது?"