பதினான்காம் நார்மல்

ஓசூரின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். டாக்டர் அருள்ஜோசப்பின் ஆராய்ச்சி வெளியாவதற்கு முந்தைய ஓசூர், வெளியான பிறகான ஓசூர். காலம் பிளந்த இடம், ஆவணி மாத ஞாயிறு ஒன்றின் காலை பதினொன்று பத்து, பாகலூர் சாலை ஹோட்டலின் இரண்டாம் மாடி ஏசி ஹால். வரவேற்புரையின் சாரம் இதுதான். எழுதியவர் டாக்டர் அருள்ஜோசப். வாசித்தவர் மட்டும் வேறு ஆள்.

மேடைக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். காதுகுத்துக்கு என்ன அளவோ அதே அளவுதான் இந்த ஊரில் மூளைக்கும். ஒரு பக்கம் நோயாளியின் தலைப் படம், மறுபக்கம் நோயில்லாதவரின் தலைப் படம், நடுவில் இரண்டையும்விடப் பெரிதாக டாக்டரின் தலை. படங்களுக்குக் கீழே ‘நோய்’ என்றும் ‘நார்மல்’ என்றும் எழுதியிருந்தது. டாக்டருக்குக் கீழே எழுத மூன்று வரி பட்டங்கள் இருந்தன.

ஆராய்ச்சி சிறியதுதான். கண்குழிக்குள், விழிக்குப் பின்னாலிருந்து ஒரு நரம்பு மூளைக்குப் போகிறது. அதைச் சுற்றி ஓர் உறை. மண்டைக்குள் நீரழுத்தம் கூடினால் அந்த உறை உப்பும். எம்.ஆர்.ஐ. படத்தில் உறையின் தடிமனை அளந்து, அழுத்த நோய் உள்ள முப்பது பேரையும் இல்லாத முப்பது பேரையும் ஒப்பிட்டிருந்தார் டாக்டர்.

நோயாளிகள் தாமாகவே ஸ்கேன் சென்டருக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லா இருப்பவர்களுக்குத்தான் பஞ்சம். ஒன்றும் இல்லாமல் அந்தக் குகைக்குள் போய் முக்கால் மணி நேரம் படுக்க யாருக்குப் பைத்தியம்? கடைசியில், சிப்காட்டில் ஸ்கூட்டர்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றைப் பிடித்தார். ‘இலவச மூளைப் பரிசோதனை முகாம்’ என்று போர்டு எழுதினார். நாளுக்குப் பத்துப் பேராகக் கம்பெனி பஸ்ஸிலேயே முப்பது பேர் வந்து இறங்கினார்கள். ஆராய்ச்சியில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. நார்மல் ஒன்று முதல் நார்மல் முப்பது வரை.

அளந்தவள் ஸ்கேன் டெக்னீஷியன் மணிமேகலை. நோயாளிகளுக்கு இரண்டு கண்ணையும் அளந்தாள். நார்மல்களுக்கு வந்தபோது டாக்டர் சொன்னார்: “வலது கண்ண மட்டும் அளந்து போடு, போதும். நல்லா இருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வேலையப் பெருக்காத.”

அவள் பெருக்கவில்லை.

கட்டுரையை வாசித்து முடித்த டாக்டர், கைதட்டல் அடங்கியதும் முன்வரிசையைக் காட்டினார். அங்கே மாதேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். நார்மல் பதினான்கு. ஃபிளெக்ஸில் நார்மலாகத் தொங்குவது அவளுடைய தலைதான் என்பதால், முப்பது பேர் சார்பில் பொன்னாடை வாங்க மணிமேகலை அவளை ராயக்கோட்டையிலிருந்து வரவழைத்திருந்தாள்.

“முக்கால் மணி நேரம் துளிகூட அசையாமல் படுத்திருந்த தாய்! அந்தத் தெளிவைப் படத்திலேயே பார்க்கலாம்” என்றார் டாக்டர். மாதேஸ்வரி பொன்னாடையோடு கூச்சப்பட்டுக் கும்பிட்டாள்.

அடுத்து, கேள்வி நேரம். இது சடங்கு. தெரிந்தவர் எழுந்து பாராட்டிவிட்டு உட்காருவார். ஆனால் கடைசி வரிசையிலிருந்து எழுந்தது தர்ஷினி என்ற மேற்படிப்பு மாணவி.

“சார், அந்த நார்மல் படத்துல இடது கண்ணுக்குப் பின்னாடி நரம்பு ரொம்பத் தடிப்பா இருக்கே சார்?”

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. தன் படத்தைத் தானே திரும்பிப் பார்ப்பவன் பேராசிரியனா என்ன?

“நீங்க எந்த வருஷம்மா?”

“செகண்ட் இயர், சார்.”

“அது வெறும் நிழல். ஆள் அசைஞ்சா அப்படி வரும். முதல்ல நார்மல் எப்படி இருக்கும்னு பாத்துப் பழகுங்க. அப்புறம் அப்நார்மலுக்கு வரலாம்.”

ஹால் சிரித்தது. தர்ஷினி உட்கார்ந்தாள். துளிகூட அசையாத தாய் ஐந்தே நிமிடத்தில் அசைந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஓரமாக நின்ற மணிமேகலை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

தண்ணீர் பாட்டிலை எடுக்கத்தான் டாக்டர் திரும்பினார். அப்போதுதான் பார்த்தார்.

கம்ப்யூட்டரில் அரிசி அளவாக இருந்தது இங்கே ஆள் கையளவு இருந்தது. வலது கண்ணுக்குப் பின்னால் முருங்கைக்காய். இடது கண்ணுக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்கு. நிழல் இல்லை. நீரழுத்தமும் இல்லை, அதுவென்றால் இரண்டு பக்கமும் உப்பியிருக்கும். உறையில் கட்டி. முதலாண்டு மாணவன்கூட எழுதிவிடுவான்.

இந்தப் படத்தை அவர் இருநூறு தடவையாவது பார்த்திருப்பார். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். நீலத்தைக் கூட்டச் சொன்னார். பக்கத்துப் படத்தில் தன் மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னார். எல்லாவற்றையும் பார்த்தார்.

மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ‘அந்தப் பெண் கேட்டது சரி’. நாலே வார்த்தை. டாக்டர் தண்ணீர் குடித்தார். மைக்கைச் சிறப்பு விருந்தினர் வாங்கிக்கொண்டார். சிறுதொழில் அதிபர்கள் சங்கத்தின் துணைத் தலைவர் அவர். “மூளை இல்லேன்னா மனுசன் இல்லீங்க” என்று தொடங்கி இருபது நிமிடம் அதை நிரூபித்தார்.  அந்த இருபது நிமிடமும் முன்வரிசையைப் பார்க்காமலிருக்க டாக்டர் கூரை விளக்குகளை எண்ணினார்.

சாப்பாட்டு நேரத்தில் மணிமேகலை அருகில் வந்தாள். “சார், அந்தப் பொண்ணு சொன்னது...”

“தெரியும்.”

“மிச்சம் இருபத்தொம்பது பேரோட இடது கண்ணு சார்?”

“நாளைக்கு எல்லாத்தையும் எடுத்து வை. இந்தத் தடவ நான் பாக்கறேன்.”

அவர் பின்வாசல் பக்கம் நழுவினார். நழுவ முடியவில்லை. எதிரே பொன்னாடை.

“கும்புடறேனுங்க சார். நாந்தானுங்க அந்த மண்டை!” மாதேஸ்வரி சிரித்தாள். “அதுக்குப் பக்கத்துல நின்னு உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா? எம்பொண்ணு ஸ்டேட்டஸ் வெக்கோணும்னு ஒரே ரவுசு.”

ஆளில்லாத மேடைக்குப் போனார்கள். போனை நீட்டினாள். டாக்டர் வாங்கவில்லை.

“அம்மா, வலது கண்ண மூடிட்டு அந்த ஃபிளெக்ஸைப் படிங்க பாக்கலாம்.”

“அய்ய, அந்தக் கண்ணு கொஞ்ச நாளா மக்கர் பண்ணுதுங்க.” வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். “எழுத்தே தெரிலீங்க. நடுவுல உங்க தலை மட்டும் பொகையாட்டம் தெரியுது.”

“எவ்ளோ நாளா?”

“போன வருசம் ஆடியில இருந்துங்க. நீங்க படம் எடுத்தது வைகாசி. அப்புறம் ரெண்டு மாசத்துல செவப்பு வயரும் பிரவுன் வயரும் ஒரே மாதிரி தெரிஞ்சுதுங்க. மாத்தி மாத்திச் சொருகிட்டேன். சூப்பர்வைசர் கன்னடத்துக்காரன், ‘கண்ணு காணல்வா நினகெ’, உனக்குக் கண்ணு தெரியலயான்னு லைன்லயே கத்திப்போட்டான். இப்ப பேக்கிங்ல அட்டப்பெட்டி ஒட்டறனுங்க.”

“கண் டாக்டர்கிட்ட காட்டலையா?” குரல் உயர்ந்துவிட்டது. குற்றம் அவள் பக்கம் கொஞ்சமாவது இருக்காதா என்ற ஆசை அந்தக் குரலில் இருந்தது. அது அவருக்கே கேட்டது.

“காட்டாம இருப்பனா? கிருஷ்ணகிரிக்குப் போனனுங்க. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, தலைய ஒரு ஸ்கேன் எடுத்துரும்மான்னாரு. நான் உட்டனா? நீங்க எங்க முப்பது பேருக்கும் குடுத்தீங்கல்ல, அந்தச் சர்டிபிகேட், அதை எடுத்து நீட்டுனேன். லேமினேசன் போட்டு வெச்சிருக்கனே! மூளை, கண்குழி, நரம்பு எல்லாம் நார்மல்னு உங்க கையெழுத்தோட இருக்குதுல்ல. வாங்கிப் படிச்சாரு. ‘அட, இவரே பாத்துட்டாரா, அப்பப் பயமில்லம்மா’ன்னு கண்ணாடி எழுதிக் குடுத்துட்டாரு.”

தட்டோடு மேடையோரம் போய்க்கொண்டிருந்த தர்ஷினியை டாக்டர் கூப்பிட்டார். அவள் பயந்துகொண்டே வந்தாள்.

“நீங்க கேட்டது சரிதாம்மா. நான் சொன்னதுதான் தப்பு.”

“சாரி, சார்” என்றாள் தர்ஷினி. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்பதுகூட இந்த ஹாலில் வரிசைமுறைப்படிதான் நடந்தது. அதற்கு மேல் அங்கே நிற்காமல் அவள் போய்விட்டாள்.

டாக்டர் மேடைப் படியில் உட்கார்ந்தார். மாதேஸ்வரியையும் உட்காரச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். கட்டி. உடம்பெல்லாம் பரவுகிற ஜாதி இல்லை. நரம்பின் உறையில் மெதுவாக வளர்வது. மருந்து செலுத்தி இன்னொரு படம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். நாளைக் காலையே பெங்களூருக்குத் தானே காரில் கூட்டிப் போவதாகச் சொன்னார். கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறது என்றார்.

மாதேஸ்வரி பொன்னாடையின் ஜரிகையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

“உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“இல்ல.”

“கண்ணு?”

“இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம்.”

“இதுவரைக்கும் போனது?”

“அது அநேகமா திரும்பாதும்மா.”

“அப்பவே பாத்திருந்தா?”

“வயர் லைன்லயே இருந்திருப்பீங்க.”

கீழே யாரோ பாயசம் தீர்ந்துவிட்டதென்று சத்தம் போட்டார்கள். அவள் கத்துவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. ஒரு பெரிய மனிதர் இப்படிப் படியில் உட்கார்ந்திருக்கிறாரே என்ற சங்கடம்தான் இருந்தது.

“உடுங்க சார்” என்றாள். “ஒரு நாளைக்கு நூறு மண்டை பாக்கறீங்க. அன்னைக்குப் பொடுசா இருந்திருக்கும், கண்ணுல தப்பியிருக்கும். நாங்களும்தான் ஆயிரம் வயருக்கு ஒண்ணு மாத்திச் சொருகறோம். வேணும்னேவா பண்றோம்?”

எவ்வளவு அகலமான கதவு! அதற்குள் நுழைந்து வெளியேறினால் போதும். ‘ஆமாம்மா, தப்பிடுச்சு.’ உலகத்தில் எந்த டாக்டருக்கும் நடக்கக்கூடியது. டாக்டர் வாயைத் திறந்தார்.

அவளே அதற்குள் கேட்டாள், சும்மா, அவருக்கு ஒத்தாசையாக: “நீங்க படத்தைப் பாத்துட்டுத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க?”

“இல்லம்மா. முகாமுக்கு முந்தின நாளே முப்பது சர்டிபிகேட்லயும் போட்டுட்டேன்.”