விழுந்தாலும் பெரிய தோட்டம்

ஓடைப்பட்டியில் மூன்று தலைமுறையாகத் திராட்சை போடும் குடும்பம் ஒச்சாண்டியுடையது. அந்தக் குடும்பத்தில் விளைச்சல் ஏறினால் ஊருக்குச் சொல்வார்கள். குறைந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். அறுவடைக்கு முந்தின வாரம் விடாமல் பெய்த மழையில் பந்தல் முழுக்கப் பழம் வெடித்து ஈ மொய்த்தபோதும், டீக்கடையில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான். “நம்ம தோட்டத்துக்கென்ன, நல்லாத்தான் இருக்கு.”

நிவாரணத்துக்காகச் சேதம் பார்க்க வந்த அதிகாரி அபிதா, பந்தலுக்கடியில் நின்று செல்போனில் இங்கிலீஷில் பேசிப் பதிவு செய்தார். நடுவே ‘டிராஸ்டிக்கலி’ என்று ஒரு சொல் கனமாக விழுந்தது.

ஒச்சாண்டி மருமகள் பக்கம் திரும்பினார். “ஏத்தா யுவராணி, அதென்ன டிராஸ்டிக்கலி?”

“விளைச்சல் கொஞ்சநஞ்சமில்ல மாமா, ஒரேயடியா விழுந்துபோச்சுன்னு சொல்றாக.”

“என் தோட்டமா? அந்த வார்த்தைய எடுத்துருங்கம்மா. ஊர்க்காதுல விழுந்தா என்னாகுறது?”

“கொஞ்சம் குறைஞ்சதுன்னா ‘ஸ்லைட்லி’ன்னு சொல்லலாம் ஐயா. ஆனா நிவாரணம் வராது.”

“வராட்டிப் போகுது. மானம் இருக்கட்டும்.”

யுவராணி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள். நிவாரணம் வந்தால்தான் அடுத்த வெள்ளாமை. அது மாமாவுக்கும் தெரியும்.

அபிதா பழைய பதிவை அழித்துவிட்டு, ‘ஸ்லைட்லி’ என்று மறுபடி பேசி முடித்தார். ஜீப்பை நோக்கி நடந்தவரிடம் யுவராணி சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். “பாண்டீஸ்வரன் மாமா தோட்டம் பாத்தாச்சாங்க?”

பாண்டீஸ்வரன் ஒச்சாண்டிக்குப் பங்காளி. கோயில் முதல் மரியாதைத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது.

“காலையிலயே பாத்தாச்சே. அவருக்கு டிராஸ்டிக்கலிதான்.”

கூடவே வந்த ஒச்சாண்டி நின்றார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

“அவனுக்கா? அவன்கிட்ட விழுகுறதுக்கு என்னம்மா இருந்துச்சு? குட்டிச்சுவத்துல இருந்து விழுகுறதும் கோபுரத்துல இருந்து விழுகுறதும் ஒண்ணா? அழிங்க அந்த ஸ்லைட்லிய! எனக்கும் அந்த வார்த்தையப் போடுங்க. அதுக்கு மேல ஒண்ணு இருந்தா அதையும் சேத்துப் போடுங்க!”

அபிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாம் முறை செல்போனை எடுத்தார். யுவராணி ஒன்றும் அறியாதவள்போல் வெடித்த பழங்களைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீக்கடையில் சுருளியாண்டி வழக்கம்போல் கேட்டார். “தோட்டம் எப்படிண்ணே?”

ஒச்சாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். “டிராஸ்டிக்கலி!”

“அப்படின்னா?”

“ஒரேயடியா விழுந்துபோச்சுன்னு அர்த்தம். அதெல்லாம் பெரிய தோட்டக்காரனுக்குத்தான்டா பொருந்தும்!”