ஐஸ்காரரின் சுடுசோறு

இருபத்தாறு வருஷம் ஐஸோடு மல்லுக்கட்டிய மனிதர் அபூதாஹிர். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் அவர் கையால் ஐஸ் போட்டு மூடிய பெட்டியை மறுநாள் விடியக் கொழும்பில் திறந்தால், உள்ளே கிடக்கிற பாரை இப்போதுதான் வலையில் விழுந்தது போலக் கண்ணை முழித்துப் பார்க்கும். அப்பேர்ப்பட்டவருக்கு, மகளின் பிளாஸ்க்கில் ஒரு பிடி சோற்றை மத்தியானம் வரைக்கும் சூடாக வைத்திருக்கத் தெரியவில்லை. ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

விஷயம் இதுதான். மனைவி சித்தி பரீதா, மூத்த மகள் றுஷ்தாவின் பிள்ளைப்பேறு பார்க்கப் புத்தளம் போய்விட்டாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியாமல் வரமாட்டாள். கிண்ணியா வீட்டில் மிஞ்சியது அபூதாஹிரும் இளையவள் அஸ்மியாவும்தான். அஸ்மியாவுக்கு இந்த வருஷம் ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனை. காலை ஆறேகால் பஸ்ஸில் திருகோணமலைக்குப் போனால், ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, மேலதிக வகுப்பும் முடிந்து, வீடு வர மாலையாகிவிடும். இடையில் மத்தியானச் சோறு வேண்டும், அதுவும் சூடாக வேண்டும். அவளுக்கு வயிற்றில் புண். ஆறிய சோறு இரண்டு வாய் போனாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள்.

புறப்பட்ட அன்று பரீதா பஸ்ஸில் ஏறிய பிறகும் யன்னலால் தலையை நீட்டினாள்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்கு ஏலாது. பிள்ளையை ராத்தாட வீட்ட விடுவம்."

"எனக்கா ஏலாது? நீ போ புள்ள!" என்றார் அபூதாஹிர். பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

ராத்தா என்றது பரீதாவின் அக்கா சுபைதாவை. அஸ்மியா படிக்கிற பள்ளியிலேயே ஆசிரியை. வீடும் டவுனில். தங்கமான மனுசிதான், ஆனால் சட்டமென்றால் சட்டம். "பெரியம்மாட வீட்டில இருமுறதெண்டாலும் கையை உயர்த்திக் கேக்கோணும் வாப்பா," என்பாள் அஸ்மியா. உம்மா இல்லாத வீட்டில் வாப்பாவைத் தனியே விட்டுப் போகவும் அவளுக்கு மனமில்லை.

முதல் வாரம் மானம் போன வாரம். சூடாகப் போன சோறு ஆறித் திரும்பி வந்தது. ஒரு நாள் தேங்காய்ப்பால் விட்டு வைத்த மீன்குழம்பு, அந்த மீனாணம், புளித்துப்போய், மூடியைத் திறந்ததும் இருவரும் குசினியை விட்டு முற்றத்துக்கு ஓடினார்கள். அபூதாஹிர் பழியைப் பிளாஸ்க்கின் மேல் போட்டார். பிறகு அதை அனுப்பிய மருமகன் மேல் போட்டார். "கட்டார்ல இருந்து வந்ததாம், கட்டார்ல இருந்து! கப்பல்துறைச் சந்தியில வாங்கினாலும் இதைவிட நல்லதா வாங்கலாம்!" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி அவருக்கும் தெரியும். என்ன செய்ய, வாய் சும்மா இருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சுபைதாவின் போன் வந்தது.

"மச்சான், பிள்ளை வகுப்பில மயங்கி விழுந்திட்டாள்."

"யா அல்லாஹ்! இப்ப எப்பிடி இருக்கிறாள்?"

"எழும்பிட்டாள், தேத்தண்ணி குடுத்தனான். பிளாஸ்க்கைத் திறந்து பாத்தன். சோறு பச்சைத்தண்ணியாக் கிடக்குது. நான் சொல்றதைக் கேளுங்க. புதன்கிழமை நானே அதைத் திறந்து வாயில வச்சுப் பாப்பன். ஆறிக் கிடந்தா, அண்டைக்கே அவளை என்ட வீட்ட கூட்டிக்கொண்டு போவன். பரீதா வாறமட்டும் என்னோடயே இருக்கட்டும். உடுப்புப் பையைக் கட்டி வைக்கச் சொல்லுங்க."

அபூதாஹிர் போனை வைத்தார். அவள் சொன்னதில் என்ன பிழை? பிழை இல்லை என்பதுதான் அவரைக் கொன்றது. பெற்ற மகளுக்கு ஒரு நேரச் சோறு ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத வாப்பா! அன்று பின்னேரம் அஸ்மியா வெளுத்த முகத்தோடு வந்து, "எனக்கு ஒண்டுமில்ல வாப்பா," என்று சிரித்தாள். அவர் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொட்பேயில் லொறி காத்து நின்றது. சல்லியூர்க்காரர் தங்கத்துரை, பதினைந்து வருஷமாக அபூதாஹிரோடு பெட்டி அடுக்குகிறவர், வெயிலில் கிடந்த ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகைப் பெட்டி ஒன்றை இழுத்து வந்து அதற்குள் அப்படியே ஐஸை அள்ளிக் கொட்டினார். மகளை நினைத்து உள்ளே குமைந்த கவலை எல்லாம் அபூதாஹிருக்குக் கோபமாகப் பொங்கியது.

"அட மனுசா! கொதிக்கிற பெட்டிக்குள்ள ஐஸைப் போட்டா, அந்தப் பெட்டியே அதைத் திண்டுடுமே! முதல்ல ஐஸ் தண்ணி விட்டுப் பெட்டியைக் குளிர வை. புறகு இடைவெளி விடாம நிரப்பு. காத்து நிண்டா ஐஸ் நிக்காது. எத்தினை வருஷமாச் சொல்றன்..."

திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"என்ன, அபூதாஹிர் நானா? நெஞ்சு வலியோ?" என்று தங்கத்துரை பயந்துபோனார்.

"பெட்டிதான் திண்டிருக்கு, தங்கத்துரை! மகள்ட சோத்துச் சூட்டைப் பெட்டிதான் திண்டிருக்கு! மிச்சத்தைக் காத்துத் திண்டிருக்கு!"

உண்மைதானே? இரவெல்லாம் ஈரத்தோடு கவிழ்த்து வைத்துச் சில்லிட்டுக் கிடந்த பிளாஸ்க். ஆவி போகட்டும் என்று கால்மணி நேரம் ஆற விட்ட சோறு. மகள் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள் என்று அரைவாசி மட்டும் போட்டு, மீதி இடமெல்லாம் வெறும் காற்று. ஐஸுக்குச் செய்யாத அநியாயத்தை எல்லாம் அவர் சோற்றுக்குச் செய்திருந்தார். குளிரைக் காப்பதும் சூட்டைக் காப்பதும் ஒரே தொழில்தான் என்பது இத்தனை நாளும் அவர் மண்டைக்கு ஏறவில்லை.

"அப்ப என்னை ஏசினது?" என்றார் தங்கத்துரை.

"உன்னை ஏசினபடியாத்தான் எனக்கு மூளை வந்தது. இரு, நாளைக்கும் ஏசுறன்."

புதன்கிழமை விடியச் சுபஹு தொழுததும் அபூதாஹிர் குசினிக்குள் இறங்கினார். தேங்காய்ப்பாலைத் தொடவில்லை. புளி கரைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, கெட்டியாக மீனாணம் வைத்தார். சோற்று உலையைக்கூட நேரம் பார்த்து ஏற்றினார். ஆறு மணிக்குச் சோறு அடுப்பில் இருக்க வேண்டும், ஆறு ஐந்துக்குப் பிளாஸ்க்கில் இருக்க வேண்டும். கேத்தல் கொதித்தவுடன் அந்தத் தண்ணீரைப் பிளாஸ்க் நிறைய ஊற்றி இறுக மூடினார்.

தலை துவட்டிக்கொண்டு வந்த அஸ்மியா எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, இண்டைக்கு எனக்குச் சுடுதண்ணி மட்டும்தானா?"

"பேசாம இரு மகள். பெட்டி சூடாகுது."

பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீரைக் கொட்டினார். பிளாஸ்க்கின் வாயிலிருந்து ஆவி பறந்தது. கொதிக்கக் கொதிக்கச் சோறும் ஆணமும் அள்ளி, கரண்டியின் முதுகால் அழுத்தி, இன்னும் அள்ளி, மூடி உள்ளிருக்கிற சோற்றைத் தொடும் வரைக்கும் நிரப்பினார். ஒரு சோற்று மணி அளவுகூட இடம் விடவில்லை. மேலே இரண்டு பேப்பர் சுற்றி, அதன்மேல் தடித்த துவாயைச் சுற்றினார். பஸ் ஹோர்ன் அடித்தது. அஸ்மியா ஓடினாள்.

அவள் போன பிறகுதான் கதவோரம் இருந்த உடுப்புப் பையைக் கண்டார். கட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பிள்ளை போகவே ஆயத்தமாகிவிட்டாளா? தூக்கினார். பையில் பாரமே இல்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே ஒரு தலையணை. வேறு ஒன்றுமே இல்லை, ஒரு சட்டைகூட இல்லை.

பெரியம்மா கேட்டால் பை கட்டியாச்சு என்று சொல்லத்தான் கட்டியிருக்கிறாள், கள்ளி! போகிற நினைப்பே அவளுக்கு இல்லை. மயங்கி விழுந்த பிள்ளை வாப்பாவை நம்பியிருக்கிறாள். அபூதாஹிர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். கண் நிறைந்தது. இனிச் சோறு ஆறிப்போனால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொட்பேயில் அன்று ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உபயம், தங்கத்துரை. ஒன்றரை ஆனது. அபூதாஹிர் சட்டைப் பையிலிருந்த போனை வெளியே எடுத்தார், உள்ளே வைத்தார், திரும்பவும் எடுத்தார். ஒன்று முப்பத்தைந்து. நாற்பது.

"ஆறித்தான் போச்சு," என்றார். "ஆறாம இருந்தா இவ்வளவு நேரமா?"

"பொறுங்க நானா," என்றார் தங்கத்துரை.

போன் அடித்தது. சுபைதாதான். ஆனால் வழக்கமான ஆசிரியைக் குரல் இல்லை. ஊதுகிற சத்தமும் "ஸ்ஸ், ஸ்ஸ்" என்கிற சத்தமும்தான் கேட்டன.

"மச்சி? என்ன, என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதும்..."

"பிள்ளைக்கு ஒண்டுமில்ல! எனக்குத்தான்! ஆறித்தானே கிடக்கும் எண்டு ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில வச்சனான்... ஸ்ஸ்... என்ட நாக்கு வெந்து போச்சு மச்சான்! துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது, பிள்ளைகள் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்கிதுகள்!"

மச்சியின் நாக்கு வெந்ததற்கு உலகத்தில் எந்த மனிதனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அபூதாஹிர் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கொட்பே முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"மச்சிட நாக்கு வெந்து போச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று லொறிக்காரர் கத்தினார். "முருகா!" என்று தங்கத்துரை இரண்டு கையையும் தூக்கினார். படகில் நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் சுபைதா.

"ஒண்டுமில்ல மச்சி. நாக்குக்கு ஐஸ் வேணுமெண்டா சொல்லுங்க, இஞ்ச நிறையக் கிடக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. சட்டம் பேசுகிற சுபைதா சிரித்துச் சிரித்து இருமினாள், கையை உயர்த்திக் கேட்காமலே.

"நீங்க வெண்டுட்டீங்க மச்சான். பிள்ளை உங்களோடயே இருக்கட்டும். பரீதாவுக்கு நானே சொல்றன். இந்தாங்க, மகளோட கதையுங்க."

"வாப்பா!" என்றாள் அஸ்மியா. வாய் நிறையச் சோறு இருப்பது குரலிலேயே தெரிந்தது. "ஊதி ஊதிச் சாப்பிடுறன். அடியில ஒட்டினதையும் விடமாட்டன். வயிறு ஒண்டும் செய்யல்ல."

"சாப்பிடு மகள், நல்லாச் சாப்பிடு," என்றார் அபூதாஹிர்.

"ஒரு குறைதான் வாப்பா. மூடியைத் திறந்ததும் ஆவி அடிச்சு என்ட மூக்குக்கண்ணாடி மூடிட்டுது, ஒண்டும் தெரியல்ல. நாளைக்குக் கொஞ்சம் ஆற வச்சுப் போடுங்களன்."

அபூதாஹிர் துறைமுகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். புத்தளத்துக்கே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"அது மட்டும் எனக்கு ஏலாது, மகள்!"