பானட்டை மூடி ஒரு ஓட்டம்

கறுப்புக் கார் நின்ற இடத்திலேயே நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்களுக்குக் கீழே இரண்டு இரும்பு உருளைகள் சுழன்றன. எகிறிவிடாதபடி நான்கு மூலைகளிலும் அகலமான நாடா போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பானட் திறந்திருக்க, எதிரே ஆள் உயர மின்விசிறிகள் இரண்டு இரைந்தன. உள்ளே உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் மெல்ல அடங்கியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லேப்டாப்பில் இன்ஜினின் சக்தியைக் காட்டும் கோடு ஏறி, வளைந்து, நின்றது. நானூற்று மூன்று குதிரைசக்தி.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேப்டாப்பின் முன் உட்கார்ந்து எப்போதும் அந்தக் கோட்டையே பார்ப்பதால் பட்டறையில் கிராஃப் அக்கா என்று பெயர் வாங்கியவளுக்கு மட்டும் அதில் நம்பிக்கை வரவில்லை.

அவள் ஆறு வருடத்துக்கு முன் ரசீது எழுத வந்தவள். கார்களின் வேகத்தைக் கூட்டித் தருவதுதான் அந்தப் பட்டறையின் தொழில். அதற்கென்று இருந்த இன்ஜினியருக்கு மதியச் சாப்பாடு ஆனதும் கண் சொக்கும். கோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டுச் சாய்ந்துவிடுவார். பார்த்துப் பார்த்தே தொழில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. போன வருடம் அவர் பெரிய கம்பெனிக்குத் தாவினார். அன்றிலிருந்து எல்லாக் காரையும் பார்ப்பது அவள்தான், ரசீதும் அவள்தான். ஆனால் யார் கேட்டாலும் இன்ஜினியர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார் முதலாளி. அந்தக் கணக்குப்படி அந்த மனுஷன் ஒரு நாளைக்கு ஐந்து வேளையாவது சாப்பிட்டார்.

இன்ஜினியர் வேலைக்குத் திங்கட்கிழமை ஒரு புது ஆள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டதும் அவள் நேரே போய் அந்த வேலையைத் தனக்கே கேட்டாள். ஆறு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. முதலாளி சிரித்தார். பிறகு இந்தக் கறுப்புக் காரைக் கைகாட்டினார். போன மாதம் வேலை முடித்துக் கொடுத்த கார், குறையோடு திரும்பி வந்திருக்கிறது. இதைச் சரிசெய்து காட்டினால் யோசிப்பதாகவும், முடியாவிட்டால் பேசாமல் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

கார்க்காரரின் குறை ஒன்றே ஒன்றுதான். நானூறு என்று சொல்லிக் கொடுத்த கார், மேட்டில் ஏறும்போது சோர்ந்துபோகிறது. உருளையில் ஏற்றினாலோ மூன்று தடவையும் நானூறுக்கு மேல் காட்டியது. அந்த எண்ணை அச்சடித்த தாளை நீட்டி ஆளை அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. அவள் எழுந்து வாசல் பெஞ்சுக்குப் போனாள். அங்கே அந்தக் காரின் டிரைவர், வெள்ளைச் சட்டை கசங்காமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்கதானே தினமும் ஓட்டுறீங்க. எப்போ இப்படி ஆகுது?"

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேக்கலையேம்மா. காலையில பறக்கும். மத்தியானம் நெரிசல்ல நின்னு நின்னு போனா மூச்சு வாங்கும். முதல் மேடு ஏறிடும், ரெண்டாவதுலதான் படுத்துக்கும்."

அவளுக்குப் பொறி தட்டியது. உள்ளே வந்து மின்விசிறி ஒன்றை நிறுத்தினாள். பானட்டை மூடச் சொன்னாள். மெக்கானிக் முழித்தான். அந்தப் பட்டறையில் உருளைமேல் ஏறிய எந்தக் காருக்கும் பானட்டை மூடியதில்லை. திறந்து வைத்துக் காற்றடித்தால் எண் நன்றாக வரும், அந்தத் தாளைத்தான் கார்க்காரர்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். சாலையில் யாரும் பானட்டைத் திறந்துகொண்டு ஓட்டுவதில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நேற்றுவரை அவளுக்கும் உறைக்கவில்லை.

முதல் ஓட்டம் முந்நூற்றுத் தொண்ணூறு. அடுத்தது முந்நூற்று எழுபது. மூன்றாவது முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. இன்ஜினுக்குள் போகும் காற்று கை வைக்க முடியாத சூட்டில் இருப்பதாக லேப்டாப் காட்டியது. பானட்டைத் திறந்ததும் காரணம் கண்ணெதிரே பளபளத்தது. கார்க் கம்பெனி வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, போன மாதம் இந்தப் பட்டறையிலேயே மாட்டிய சிவப்பு ஃபில்டர். பார்க்க அழகு. ஆனால் மூடிய பானட்டுக்குள் இன்ஜின் கக்கும் அனலையே அது திரும்ப உறிஞ்சியது. சூடு ஏற ஏற, இன்ஜின் கெட்டுவிடாமல் இருக்கக் காரின் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துக்கொண்டது. பழைய பெட்டி, முன்பக்கக் கிரில்லிலிருந்து வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும்.

பட்டறைக்காரர்கள் அந்தப் பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிடுவது வழக்கம். இருந்தும் டிரைவரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் டிக்கியைத் திறந்து, துணியில் சுற்றிய பெட்டியை எடுத்தார்.

"கம்பெனி சாமானாச்சேன்னு தூக்கிப் போட மனசு வரல."

முதலாளி குதித்தார். வேகம் கூட்டும் பட்டறையில் பழைய சாமானை மாட்டிக் கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்றார். அவள் பெட்டியைப் பொருத்தச் சொல்லிவிட்டு, எரிபொருள் அளவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, பானட்டை மூடியே மறுபடி ஓட்டினாள். முந்நூற்று எண்பத்தாறு, எண்பத்தைந்து, எண்பத்தைந்து. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஆனால் நானூறு இல்லை. முதலாளி எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த வேலை கைநழுவிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

மத்தியான வெயிலில் கார்க்காரர் வந்தார். ஓட்டிப் பார்க்கப் போகிறேன், இன்ஜினியரையும் வரச் சொல்லுங்கள் என்றார். முதலாளி வழக்கமான சாப்பாட்டுக் கதையை ஆரம்பித்தார்.

"இவங்கதான் சார் இன்ஜினியர்," என்றார் டிரைவர். "வண்டியப் பாத்தது இவங்கதான்."

முதலாளி இருமினார். சாவியை எடுத்துக் கார்க்காரரிடம் நீட்டினார்.

அவள் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். எத்தனையோ கார்களை நூற்றெண்பதில் ஓட வைத்தவள், அப்படிப்பட்ட காரில் உட்கார்ந்து ஒரு தெருவைத் தாண்டியது அன்றுதான். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தார்கள். பிறகு மேடு. கார்க்காரர் மிதித்ததும் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. இறங்கித் திரும்பி இரண்டாவது தடவை ஏறினார்கள். அவள் வேகம் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் கார் அதே வேகத்தில் ஏறியது. டிரைவர் முன்னிருக்கையிலிருந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

கார்க்காரர் தாளைக்கூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் மனைவியின் காரையும் அனுப்புவதாகவும், இந்த அம்மாவே பார்க்கட்டும் என்றும் சொன்னார். டிரைவரிடம் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை வரவிருந்த ஆளை முதலாளி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சம்பளம் இப்போதைக்குப் பழையதுதான், மூன்று மாதம் போகட்டும் என்றார். பிறகு அலமாரியிலிருந்து இன்ஜினியரின் நீல நிற மேல்சட்டையை எடுத்துக் கொடுத்தார். பையின்மேல் பழையவரின் பெயர் வெள்ளை நூலில் தைத்திருந்தது. புதுச் சட்டையும் மூன்று மாதம் கழித்துத்தானாம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் பிளேடால் எழுத்தெழுத்தாகப் பிரித்தார்.

"சும்மா கிடக்கற இடத்துல என் பேரைப் போட்டுக்கறதுதானே," என்றார்.

"ஏன், நீங்களும் அஞ்சு வேளை சாப்பிடவா?"

இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமானது.

மறுநாள் காலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் பேனாவைச் செருகி, இன்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த கார் உருளையில் ஏறி நின்றதும் மெக்கானிக் கேட்காமலேயே பானட்டை மூடினான். சட்டை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. நூல் பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் கடும் நீலமாக நின்றது. கிட்டத்தில் வருபவர்கள் அந்த ஆளின் பெயரை இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.