இருநூற்று நாற்பது விநாடி

ஹரிகுமார் கேமரா வாங்கி வந்த அன்று அவன் மனைவி ராஜி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இத வச்சு என்னத்த எடுக்கப் போறிய?" நியாயமான கேள்விதான். தாலுகா ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டா மனுக்களுக்கு முத்திரை குத்துகிறவன். அவன் செய்த எதையும் பார்த்து யாரும் ஒரு தடவைகூட 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கித்தான் தேரூரிலிருந்து சனிக்கிழமைதோறும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினான்.

வகுப்பு நடத்தியவன் முருகதாஸ். இருபது வருஷம் கல்யாணப் படம் எடுத்துச் சலித்தவன், ஸ்டூடியோவின் பின்னறையில் ஆறு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரவில் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தான்.

"ஷட்டரைத் தொறந்து வச்சிட்டு கையக் கெட்டிட்டு நிக்கணும். நடந்து போற ஆளு படத்துல விழமாட்டான். வண்டியும் விழாது, அதுக்க லைட்டு மட்டும் கோடா விழும். அசையாம கெடக்கதுதான் தெளிவா நிக்கும். ஆனா கேமரா ஒரு நூலு ஆடிச்சோ, போச்சு."

ஒவ்வொரு படத்தின் கீழும், வெள்ளை ஓரத்தில், எத்தனை விநாடி என்று எழுதியே ஆகவேண்டும் என்பது முருகதாஸின் சட்டம்.

ஹரிகுமார் வெட்டூர்ணிமடம் பக்கம் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியைப் பிடித்திருந்தான். கீழே சாலை. பத்து மணிக்கு மேல் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். தரையில் பூச்சு வேலைகூட முடியவில்லை. பலகைகளைப் போட்டு அவற்றின்மேல்தான் கேமராவின் முக்காலியை நிறுத்தவேண்டும். முதல் மூன்று படங்களும் பாழ். காரணம் அவன் கால்தான். அவன் ஓரடி எடுத்து வைத்தாலே பலகை அதிர்ந்து படம் கலங்கியது. நான்காவதற்கு, வெளிச்சம் மிஞ்சாமலிருக்கக் கேமராவின் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை நாலு நிமிஷத்துக்குத் திறந்து வைத்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு சுவரோரம் சிலையாக நின்றான்.

இருபது விநாடி ஆகியிருக்கும். சந்திலிருந்து ஒரு சைக்கிள் சாலைக்கு வந்தது. பின்னாலேயே ஒரு பால் வேன். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல ஒரு 'தொப்'. வேன் நின்றது. பிரேக் விளக்கின் சிவப்பில், பின்கதவில் மஞ்சளாக எழுதியிருந்த 'பிந்து மோள்' என்ற பெயரை ஹரிகுமார் எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு வேன் போய்விட்டது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சாலையோரம் மல்லாந்து கிடந்தார். ஒரு கையைத் தூக்கினார்.

ஹரிகுமார் பதறத்தான் செய்தான். இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அவன் கண் முதலில் போனது செல்போனில் ஓடிக்கொண்டிருந்த விநாடிகளின்மேல். கையைத் தூக்குகிறார், அப்படியென்றால் எழுந்துவிடுவார். இத்தனை வண்டி போகிறது, எவனாவது நிறுத்துவான். இப்போது ஓடினால் பலகை ஆடும், நாலாவதும் பாழ். இன்னும் மூன்றே நிமிஷம்தானே. மனுஷன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பொய்க்கு இருக்கிற மரியாதையே தனி. அத்தனையையும் அவன் நம்பினான்.

பதினோரு வண்டிகள் போயின. பதினொன்றும் அந்த இடத்தில் லேசாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போயின.

கேமரா 'டக்' என்றது. அதற்குப் பிறகாவது அவன் ஓடியிருக்கலாம். முதலில் படத்தைப் பார்த்தான். நன்றாக வந்திருந்தது.

அவன் இறங்கி வந்தபோது யாரோ அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்தக் கை இப்போது சீட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவன், "நீரு வல்லதும் கண்டீரா?" என்று கேட்டான். தோளில் முக்காலியோடு நின்ற ஹரிகுமார் எதையும் பார்க்கவில்லையென்று தலையாட்டினான். வீட்டுக்குப் போய், படத்தை வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கினான். தூக்கமும் வந்தது.

திங்கட்கிழமை பேப்பரில் நாலு வரி வந்தது. போதையில் சைக்கிளிலிருந்து விழுந்த காவலாளி ஏசுஅடிமை பலி. ஆபீஸ் மேஜையில் அதை வாசித்த ஹரிகுமார் பேப்பரை நாலாக மடித்து மனுக்கட்டுக்கு அடியில் வைத்தான். அதற்குள் முருகதாஸிடமிருந்து போன் வந்தது.

"எடுத்துட்டியே டே! அந்தக் கோடெல்லாம் ஒரே எடத்துல வளைஞ்சு போகுது பாரு, நா இருவது வருசத்துல இப்பிடி ஒண்ணு எடுத்ததில்ல. பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ முன்கண்ணாடியில மாட்டியாச்சு. கீழ ஏதோ சாக்கு கெடக்கு, அத மட்டும் மாத்தியிருக்கலாம்."

பன்னிரண்டு வருஷமாக ஏங்கிய வார்த்தை வந்த விதம் இப்படி. படத்தைக் கழற்றச் சொன்னால் முருகதாஸ் ஏன் என்று கேட்பான். ஹரிகுமார் கழற்றச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் முருகதாஸ் மறுபடி கூப்பிட்டான். ஒரு பெண் ஒரு மணி நேரமாகப் படத்தின் முன்னால் நிற்கிறாள், எடுத்தவரைப் பார்க்கவேண்டுமாம். ஹரிகுமார் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் போலீஸ் காகிதங்கள். பெயர் சத்தியபாய் என்றாள். சாக்கு என்று முருகதாஸ் சொன்ன இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எனக்க வீட்டுக்காரரு. எடமும் அதுதான், சட்டையும் அதுதான்."

முருகதாஸ் முகம் செத்துப்போனது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"குடிச்சிட்டு விழுந்தாவன்னு எழுதிட்டாவ தம்பி. சாயா அல்லாம அவிய ஒண்ணையும் தொட்டவிய இல்ல. சபையிலகூட இப்ப ஒரு மாதிரி பாக்காவ. கண்ணால கண்ட ஒரு ஆளு வந்து வண்டி இடிச்சுதுன்னு சொன்னா மாத்தி எழுதலாம்னு எஸ்.ஐ. சொல்லுதாரு. அந்த ரோட்டுல ஒரு கடை விடாம கேட்டாச்சு."

பிறகு விரல் சற்று மேலே நகர்ந்தது. வெள்ளையாக ஒரு மங்கல். "இதென்ன, பொகை மாதிரி?"

"கை," என்றான் ஹரிகுமார். அந்த ஒன்றில் அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "கைய ஆட்டிருக்காவ."

"அப்ப உசிரு இருந்திருக்கு." அவள் விரல் வெள்ளை ஓரத்துக்கு இறங்கியது. படத்தின் கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டினாள். "எரநூத்தி நாப்பது விநாடின்னா?"

"நாலு நிமிசம்."

"நாலு நிமிசமும் கைய ஆட்டிருக்காவளா?"

அவள் திரும்பி ஹரிகுமாரைப் பார்த்தாள். அதில் கோபமில்லை, சந்தேகமுமில்லை. தேடித்தேடி அலுத்த பார்வைதான்.

"நீ அப்ப எங்க நின்ன மக்கா?"

பிந்து மோள் என்று சொன்னால் போதும். மஞ்சள் எழுத்து, பால் வேன். ஜில்லாவில் அப்படி எத்தனை வேன் இருந்துவிடப் போகிறது? ஆனால் அதைச் சொன்னால், பெயரை வாசிக்க நேரம் இருந்தவனுக்கு இரண்டு மாடி இறங்க நேரம் இல்லையா என்று எஸ்.ஐ. கேட்பார். ஆபீஸ் கேட்கும். ராஜி கேட்பாள்.

"கேமரா அதுபாட்டுக்கு ஓடும் அக்கா," என்றான். "நா சாயா குடிக்கப் போயிருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெசனப்படாத மக்கா. நீ கண்டிருந்தா ஓடி வந்திருப்ப. அது எனக்குத் தெரியாதா?"

அவள் கவரைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்நேரம் தொறந்திருந்த சாயாக்கடை எது? அங்க மட்டும்தான் நா இன்னும் கேக்கல்ல. யாராவது கண்டிருப்பாவ."

அந்தச் சாலையில் எட்டு மணிக்கு மேல் ஒரு சாயாக்கடையும் கிடையாது. அவன் அவளோடு வாசல்வரை வந்து, வெயிலில் கையை நீட்டி, வழி சொன்னான்.