நான்காம் மாடியில் மார்ச்

குவைத்தின் ஃபஹாஹீலில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் மஞ்சள் கட்டிடத்தின் நான்காம் மாடியில், முரளிதரன் குடும்பம் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டுக்குள், ஒரு செப்டம்பர் மாதத்து மத்தியானம் பனிமழை பெய்யத் தொடங்கியது. வெளியே வெயில் நாற்பத்தாறு டிகிரி. அந்த வாரம் தக்காளி விலை மறுபடி ஏறியிருந்தது. ஜோர்டானிலிருந்து லாரி வரவில்லை என்றார்கள். ஃபிளாட்டுக்குள் பெய்ததை மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. என்னவாக விழுவது என்று கடைசி வரை முடிவெடுக்காத ஏதோ ஒன்று ஹாலின் கூரைக்குச் சற்றுக் கீழே உருவாகி, சோபாவின் மேல் சாய்வாக விழுந்தது. முரளிதரனின் மனைவி உமாராணி அப்போது கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் முதல் காரியமாக டி.வி. மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினாள். இரண்டாவது காரியமாகக் கணவனைச் சந்தேகப்பட்டாள். முந்தின வெள்ளிக்கிழமை ஏசியைக் கழற்றி மாட்டியது அவன்தான்.

ஆனால் ஏசி அன்று அணைந்தே கிடந்தது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரிஸை வரவழைத்தார்கள். அவர் பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டிடத்தின் குழாய்களோடு மல்லுக்கட்டியவர். ஏணி போட்டு ஏறி, கூரையைத் தட்டிப் பார்த்து, உள்ளங்கையில் விழுந்த வெள்ளைத் துகளை நக்கியும் பார்த்துவிட்டு, “லீக் மாஃபி, மாடம்” என்று, ஒழுகல் எதுவும் இல்லை என்பதை அரபி கலந்து சொல்லி இறங்கினார். மேல் வீட்டில் யாரோ எதையோ கொட்டுகிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. அது மொட்டைமாடிக்குக் கீழே இருந்த கடைசி மாடி என்பதை யார் சொல்லியும் அவர் பொருட்படுத்தவில்லை.

மழை நிற்கவில்லை. நின்றாலும் நின்ற மாதிரி இருக்கவில்லை. காலையில் கழுவி வைத்த ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். பத்து மணிக்கு மேல் திடீரென்று பாத்ரூம் பக்கச் சுவரிலிருந்து வெயில் கிளம்பி, கண்ணைக் கூச வைத்து, இதோ நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்ப வைத்து, துணி காயப்போட்ட அடுத்த நிமிஷம் காணாமல் போகும். பிறகு காற்று. அது சமையலறையிலிருந்து ஹாலுக்கு வீசும். காதைக் குறி வைத்தே வீசும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மூலையில் அழுக்குப் பனி ஒரு குவியலாகச் சேர்ந்து, பகலில் கொஞ்சம் உருகி, ராத்திரி மறுபடி இறுகியது. தினமும் காலையில் பெருக்கும்போது சன்ன ஜல்லி வந்தது. உமாராணிக்கு இட்லி மாவு பொங்கவே இல்லை. மாவுப் பாத்திரத்தைப் பால்கனியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குவைத் வெயிலில் வைத்து எடுக்கக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த மகள் தன்யா மட்டும் எதற்கும் அலட்டிக்கொள்ளாமல், தொப்பி போட்டுக்கொண்டு, குடைக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

இது எந்த ஊர்ச் சீதோஷ்ணம் என்று கண்டுபிடித்தது இரண்டாம் மாடி பத்மா. நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய தங்கை ஹெல்சிங்கியில் நர்ஸாக இருந்தாள். பத்மா ஒருநாள் கருவேப்பிலை வாங்க வந்தவள், வீடியோ காலில் தங்கைக்கு ஹாலைச் சுற்றிக் காட்டினாள். தங்கை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்: “இது எங்க ஊரு மார்ச் மாசமாக்கும். அந்த ஜல்லியப் பாத்தியா? வழுக்காம இருக்க ரோட்டுல போடுவாவ. பனி உருகுனா அதுதான் மிஞ்சும்.” பத்மா போனை அணைத்துவிட்டு உமாராணியை ஒரு பார்வை பார்த்தாள். “அக்கா, எங்கிட்டகூடச் சொல்லாண்டாம்னு நினைச்சிட்டியளா?” என்று கேட்டுவிட்டு, கருவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் ஃபஹாஹீல் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். வேறு நாட்டுக்குக் குடியேறப் போகிறவர்கள் அங்கே யாரிடமும் வாய் திறப்பதில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் கண் பட்டு விசா நின்றுவிடும். முதல் மாடி கௌரிசங்கர் குடும்பம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி எல்லோரையும் கூப்பிட்டுப் பிரியாணி போட்டது. ஞாயிற்றுக்கிழமை கனடாவில் இருந்தது. அவர்களுடைய சோபா வாட்ஸ்அப் குழுவில் விற்பனைக்கு வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. உமாராணியும் இதில் சூடு கண்டவள். தன்யா சின்னக் குழந்தையாக இருந்தபோது ஆஸ்திரேலியாவுக்கு எல்லாம் கூடி வந்த சமயம், பொங்கல் விழாவில் பட்டுப்புடவையோடு பெருமையும் உடுத்திக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். மறு மாதம் அது கைநழுவிப் போயிற்று. அன்றிலிருந்து, விசா கைக்கு வரும் வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுப்பதுபோல அவ்வப்போது மகளுக்கும் அதைப் புகட்டி வந்தாள்.

அதனால் ஹெல்சிங்கி என்ற பேரைக் கேட்டதும் அவள் நெஞ்சில் விழுந்த பயம் குளிரைப் பற்றியது அல்ல. முரளிதரன் தனக்குத் தெரியாமல் அங்கே ஏதோ ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான், தன்னை விட்டுவிட்டுப் போகப் போகிறான், ஊர் மட்டும் அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்தாள். இருபது வருஷம் ஒருவனோடு குடும்பம் நடத்திவிட்டு இப்படி நினைக்க வேண்டி வந்ததே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதாள். நினைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அவன் குளிக்கும்போது போனைப் பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள். தூக்கத்தில் ஏதாவது உளறுகிறானா என்று குல்லாவை ஒதுக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். அவன் குறட்டை மட்டும்தான் விட்டான். அதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று தோன்றியது.

“சத்தியமாச் சொல்றேன் உமா, எனக்கு ஹெல்சிங்கி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது” என்றான் முரளிதரன்.

“தெரியாத ஊர்ப் பேரை மட்டும் நாக்கு தடுக்காம சொல்றீங்களே, அது எப்படிங்க?” என்றாள் உமாராணி.

அவன் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அதுவும் கணக்கில் சேர்ந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை. தான் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் பன்னிரண்டு மணி நேரம் வெந்துகொண்டிருக்கும்போது மனைவி வீட்டில் யாரோடு எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறாள் என்று யோசிக்க ஆரம்பித்தான். ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு இருவரும் இப்படி ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள். குளிர் காரணமாகத் தனித்தனியாகப் படுக்கவும் முடியவில்லை. இதற்கிடையில் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் பேச்சுவாக்கில் வாஷிங் மிஷின் எத்தனை வருஷத்துப் பழசு என்று கேட்டார்கள். ஒருத்தி கட்டிலின் நீளத்தை முழம் போட்டே பார்த்தாள். செய்தி கம்பெனி வரைக்கும் எட்டி, மேலதிகாரி முரளிதரனைக் கூப்பிட்டு, ராஜினாமா செய்வதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று நினைவுபடுத்தினார். அவன் கோட்டின் தோள்பட்டையில் வீட்டுப் பனி இன்னும் உருகாமல் இருந்தது.

குவைத்திலும் குளிர்காலம் வந்து போயிற்று. அந்த ஃபிளாட்டில் மார்ச் மாதம் மட்டும் மாறவே இல்லை. ராத்திரியில் ஹால் தரை முழுக்க மெல்லிய ஐஸ் பிடித்தது. கண்ணாடி போல அடியில் டைல்ஸ் பூ தெரியும். முரளிதரன் பால் வாங்கப் போகும்போது விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டான். பத்மா மனஸ்தாபம் நீங்கித் திரும்ப வந்த முதல் நாளே வாசலில் வழுக்கி உட்கார்ந்தாள். மேல் வீட்டைப் பிடிப்பதற்காக வந்த ஹாரிஸ் ஏணியோடு சரிந்தார். உமாராணி விழாத நாளே கிடையாது. இடுப்புக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே யூகலிப்டஸ் தோப்பாக மணத்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில், உமாராணி சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு, எப்படித் தாண்டுவது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது தன்யா விளிம்பு வரை நிறைந்த டீ டம்ளரோடு ஹாலைக் குறுக்கே கடந்துபோனாள். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பைத் துளி முன்னால் சாய்த்து, பாதம் முழுவதையும் பதித்து, குட்டிக் குட்டி எட்டாக வைத்து நடந்தாள். ஒரு சொட்டு டீ சிந்தவில்லை. யோசித்துப் பார்த்தால், செப்டம்பரிலிருந்து இந்தப் பெண் ஒரு தடவைகூட விழவில்லை. ஒரு தடவைகூடக் குளிருகிறது என்று சொல்லவில்லை.  அத்தனை மாதம் தப்பான ஆளை வேவு பார்த்திருக்கிறோம் என்று உமாராணிக்குப் புரிந்தது.

“எங்கடி கத்துக்கிட்ட இந்த நடைய?”

தன்யா டம்ளரை ஜன்னலோரம் வைத்தாள். “யூடியூப்லம்மா. பெங்குயின் மாதிரி நடக்கணுமாம்.” பிறகு, எப்படியும் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தவளாக, ஒரே மூச்சில் சொன்னாள். “ஹெல்சிங்கி யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணிட்டேன். இன்டர்வியூ ஆன்லைன்ல முடிஞ்சாச்சு. ஸ்காலர்ஷிப்போட கிடைச்சிரும்னுதான் சொல்றாங்க. செப்டம்பர்லயே டிசைட் பண்ணிட்டேன்.”

“பெத்தவகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?”

“விசா கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு நீதானேம்மா சொல்லுவ.”

“யார்கிட்டயும்னா வெளியாளுங்ககிட்டடி!”

“நீ அப்படிச் சொல்லலையே” என்றாள் தன்யா. அவள் கேலி செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டதை அப்படியே நம்பியிருந்தாள். தன்னால்தான் வீட்டுக்குள் பனி பெய்கிறது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட ராத்திரிகளில் தொண்டை வரை வந்த வார்த்தையை, கண் பட்டுவிடுமே என்று விழுங்கியிருக்கிறாள். பெற்றவளின் கண்ணும் கண்தானே என்று அந்தக் குழந்தை நினைத்துவிட்டது.

உமாராணி அடிக்கத்தான் போனாள். இரண்டாவது எட்டில் வழுக்கினாள். தன்யா பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்தாள். பிடித்த பிடியை இருவரும் வெகுநேரம் விடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் வளைகுடாப் பிள்ளைகள் எங்கேயாவது போகத்தான் வேண்டும்; அது உமாராணிக்குத் தெரியாததல்ல. திருச்சிக்குப் போவாள், ஹாஸ்டலில் இருப்பாள், மாமா பார்த்துக்கொள்வார் என்று அவளாக ஒன்றை எழுதி வைத்திருந்தாள். மகள் அவ்வளவு தூரத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்தாள் என்பது அவளுக்கு வலித்தது. வலித்த இடத்திலேயே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் முரளிதரனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் தட்டில் பனி விழுவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தான். “நம்ம வீட்லயே ஒரு ஆளு அந்த ஊருக்குப் போகுது, நாம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் செக் பண்ணிட்டு இருந்திருக்கோம்” என்றான்.

பத்மா அடுத்த வாரம் வந்து மறுபடி தூண்டில் போட்டாள். உமாராணி தலையில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டே, “அதெல்லாம் ஒண்ணுமில்ல பத்மா, சும்மா மழைதான்” என்றாள். விசா ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் தன்யா போனாள்.

அவள் போனதும் வீடு காய்ந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். காயவில்லை. மார்ச் மாதத்துக்கு அந்த ஃபிளாட் பிடித்துவிட்டது போலும். கட்டிடமும் பழகிக்கொண்டது. கரண்ட் போன மத்தியானங்களில் ஹாரிஸ் வந்து ஹால் நடுவில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். பத்மா மீனைக் கெடாமல் வைக்க மூலைக் குவியலில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கினாள். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் பனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர்க் கட்டணம் மட்டும் கொஞ்சம் கூட்டினார். மகள் கவலைப்படுவாள் என்று, அவள் போன மறுநாளே வீடு காய்ந்துவிட்டதாக உமாராணி போனில் சொல்லியிருந்தாள். முரளிதரனையும் அதையே சொல்லச் சொன்னாள்.

மறு வருஷம் நிஜ மார்ச் பிறந்ததும், வீட்டுக்குள் பெய்வதும் ஹெல்சிங்கியில் பெய்வதும் நிமிஷம் பிசகாமல் ஒன்றாயின. பத்மாவின் தங்கை அங்கிருந்து பார்த்துப் பார்த்து உறுதி செய்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம் தன்யா கூப்பிட்டபோது ஹாலில் காற்று நிமிஷத்துக்கொரு திசையாகச் சுழற்றிக்கொண்டிருந்தது. பனிமழை பக்கவாட்டில் அறைந்தது. நெட் சரியில்லை என்று தன்யா கேமராவைப் போடவில்லை. உமாராணியும் போடவில்லை.

“அங்க எப்படிடி இருக்கு?”

“சூப்பர் வெயில்மா. ஜாக்கெட்டே வேணாம் போல இருக்கு.”

மகளின் பற்கள் தந்தியடிப்பது போனில் துல்லியமாகக் கேட்டது. உமாராணி தன் பற்களின் சத்தம் அந்தப் பக்கம் போய்விடாமல் முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியில் வழிந்ததை விரலால் துடைத்தாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, நிதானமான குரலில், “சரிடி கண்ணு, வெயில்ல ரொம்ப அலையாத” என்றாள்.